துறைமுகத்துப் பழைய டைனரில் காலை டிபன்: முதல்முறை போகிறவர்களுக்கு

பாஸ்டன் பக்கம் படிக்கவோ வேலைக்கோ வந்திருக்கும் நம்மவர்கள் வார இறுதியில் மேய்ன் கடற்கரைக்கும் கிளாஸ்டர் மீன்பிடித் துறைமுகத்துக்கும் காரில் கிளம்பிவிடுவார்கள். கலங்கரை விளக்கம் பார்ப்பார்கள், லாப்ஸ்டர் ரோல் சாப்பிடுவார்கள், இருட்டுவதற்குள் திரும்பிவிடுவார்கள். படகுத்துறைக்கு எதிரே இருக்கும் பழைய டைனரை (நீளமான கவுண்டர் மேடையில் உட்கார்ந்து சாப்பிடும் சின்ன ஓட்டல்) மட்டும் வாசலோடு கடந்துபோய்விடுவார்கள். எட்டிப் பார்த்தால் கவுண்டரில் ரப்பர் பூட்ஸ் போட்ட ஆட்கள், ஒரே இரைச்சல், மெனு அட்டையில் பாதிக்கு மேல் பன்றி இறைச்சி. "நமக்கு இது சரிவராது" என்று தோன்றுவது இயல்புதான். ஆனால் நியூ இங்கிலாந்தில் (மேய்ன், மாசச்சூசெட்ஸ், ரோட் ஐலண்ட் எல்லாம் சேர்ந்த அமெரிக்காவின் வடகிழக்கு மூலை) காலையில் சூடாக, வயிறு நிறைய, நியாயமான விலைக்குச் சாப்பிட அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. சைவம் சாப்பிடுகிறவர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அங்கே உங்கள் தட்டில் என்ன வரும் என்பது சர்வர் கேட்கும் கேள்விகளுக்கு நீங்கள் சொல்லும் பதிலைப் பொறுத்தது. என்ன கேட்பார்கள், என்ன பதில் சொல்லலாம் என்று தெரிந்துகொண்டு போனால் பாதி வேலை முடிந்தது.

எப்போது போவது

மீனவர்களுக்காகத் தொடங்கிய கடைகள் என்பதால் பொழுது விடியும் முன்பே திறக்கும் வழக்கம் இவற்றுக்கு உண்டு. மேய்ன் மாநிலத்தில் போர்ட்லண்ட் நகரத்தின் கமர்ஷியல் தெருவில், ஹாப்சன்ஸ் வார்ஃப் என்ற படகுத்துறையில் பெக்கீஸ் டைனர் இருக்கிறது. 1991-ல் தொடங்கியதுதான், ஆனாலும் நடைமுறையெல்லாம் பழைய பாணி. பல வருடங்கள் அதிகாலை 4 மணிக்கே திறந்த கடை அது. மதியம் 2 மணியோடு மூடிவிடும் டைனர்களும் நிறைய. எனவே கிளம்பும் முன் நேரத்தை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல்முறை போகிறவர்கள் வேலைநாளில் போவது நல்லது. காலை ஆறரைக்கும் எட்டுக்கும் நடுவில் போனால் இடமும் கிடைக்கும், சர்வருக்கு உங்களிடம் நின்று பேச நேரமும் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை ஒன்பதிலிருந்து பதினொன்று வரை வாசலில் வரிசை நிற்கும். மீனவர்களையும் அன்று அதிகம் பார்க்க முடியாது. மேய்னில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சனிக்கிழமை மாலை 4 மணியிலிருந்து திங்கட்கிழமை விடியும் வரை லாப்ஸ்டர் கூண்டுகளைத் தூக்கக்கூடாது என்று சட்டமே இருக்கிறது. கோடை ஞாயிறுகளில் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவர்கள் பெரும்பாலும் நம்மைப்போல வெளியூர்க்காரர்கள்தான்.

காரை எங்கே நிறுத்துகிறீர்கள் என்பதிலும் கவனம் வேண்டும். படகுத்துறை மேலே காலியாகத் தெரியும் இடம் மீன் ஏற்றும் லாரிக்காகவோ படகுக்காரருக்காகவோ ஒதுக்கியதாக இருக்கும். தெருவோர மீட்டரில் போடுங்கள், இல்லையென்றால் கட்டண நிறுத்துமிடத்துக்குப் போங்கள். கிளம்பும்போதே கொஞ்சம் ரொக்கம் எடுத்துக்கொள்ளுங்கள். கார்டு வாங்காத டைனர் இன்னும் இருக்கிறது.

எங்கே உட்காருவது

வாசலில் "ப்ளீஸ் வெயிட் டு பி சீட்டட்" என்று பலகை இருந்தால் அங்கேயே நில்லுங்கள். பலகை இல்லையென்றால் காலியாக இருக்கும் இடத்தில் நீங்களே உட்காரலாம், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். தனியாகவோ இரண்டு பேராகவோ போனால் கவுண்டர்தான் என் சிபாரிசு.

டைனரில் கவுண்டர்தான் மூத்தது, மேசையெல்லாம் பின்னால் வந்தவை. 1872-ல் ரோட் ஐலண்டின் பிராவிடன்ஸ் நகரத்தில் வால்டர் ஸ்காட் என்பவர் குதிரை வண்டியில் சாப்பாடு வைத்து, ராத்திரி வேலை பார்க்கும் பத்திரிகைக்காரர்களுக்கு விற்றார். டைனரின் கதையை அங்கிருந்துதான் தொடங்குவார்கள். பிறகு மாசச்சூசெட்ஸின் வூஸ்டர் நகரத்தில் வூஸ்டர் லஞ்ச் கார் கம்பெனி 1906-லிருந்து அரை நூற்றாண்டுக்கு மேல் முழு டைனரையே தொழிற்சாலையில் கட்டி, கடை நடக்கும் இடத்துக்கு இழுத்துக்கொண்டு போய் இறக்கியது. சாலையிலும் தண்டவாளத்திலும் போக வேண்டும் என்பதால் ரயில் பெட்டி அகலத்துக்கு மேல் கட்ட முடியாது. அந்த ஒடுக்கமான அறையில் நீளவாக்கில் ஒரு கவுண்டர், தரையில் பதித்த ஸ்டூல்கள், எதிரே சமையல். சமையல்காரர் உங்கள் கண்ணெதிரே முட்டை உடைப்பார். என்ன எண்ணெய் ஊற்றுகிறார், உங்கள் உருளைக்கிழங்கு பேக்கனுக்கு (பன்றி இறைச்சிக் கீற்று) பக்கத்தில் வேகிறதா என்பதெல்லாம் தெரியும். சைவக்காரர்களுக்கு இதைவிட என்ன வசதி வேண்டும்?

ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனால் கவுண்டர் வேண்டாம். ஸ்டூல் உயரமாக இருக்கும், சாய்ந்துகொள்ள முதுகுப் பகுதி இருக்காது, முன்னே பின்னே நகர்த்தவும் முடியாது. "பூத்" என்று கேளுங்கள். சுவரோரம் எதிரெதிரே நீள இருக்கை போட்ட இடம் அது, குழந்தைகளுக்கும் சௌகரியம்.

காபி

உட்கார்ந்த உடனே, மெனு கையில் வரும் முன்பே, "காஃபி?" என்று கேள்வி வரும். கனமான பீங்கான் மக்கில் டிகாஷன் மாதிரி தெரியும், ஆனால் நம் ஃபில்டர் காபியின் திடம் இருக்காது. தண்ணியாக இருக்கிறது என்று வருத்தப்பட வேண்டாம். மூன்று நான்கு கப் குடிப்பதற்காகப் போடும் காபி அது. பெரும்பாலான டைனர்களில் ஒரு கப்புக்குத்தான் விலை, அப்புறம் கேட்காமலேயே வந்து நிரப்பிக்கொண்டே இருப்பார்கள். போதும் என்றால் மக்கின் மேல் கையை வையுங்கள், அல்லது "ஐ ஆம் ஆல் செட்" என்று சொல்லுங்கள்.

நியூ இங்கிலாந்தில் வெறுமனே "ரெகுலர்" என்று சொன்னால் கிரீமும் சர்க்கரையும் கலந்து வந்துவிடும். கறுப்பாக வேண்டுமென்றால் "பிளாக்" என்றே சொல்லுங்கள். கவுண்டரில் சின்னச் சின்ன டப்பிகளில் இருப்பது ஹாஃப் அண்ட் ஹாஃப், பாதி பால், பாதி கிரீம். கஃபீன் ஆகாதவர்கள் "டீகேஃப்" கேட்கலாம். ஆரஞ்சு நிறப் பிடி வைத்த ஜாடி அதற்குத்தான். சாங்கா என்ற பழைய கஃபீன் நீக்கிய காபி பிராண்டின் நிறம் அது.

டீ கேட்டால் வெந்நீரும் ஒரு டீ பையும் வரும். பால் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும், அதுவும் பெரும்பாலும் குளிர்ந்த பாலாகத்தான் இருக்கும். டீ இல்லாமல் முடியாதவர்கள் அதை வீட்டிலேயே குடித்துவிட்டு வருவதே மேல்.

முட்டை, டோஸ்ட், உருளைக்கிழங்கு

முதல்முறைக்கு மெனுவின் தலைப்பகுதியில் இருக்கும் சாதாரண செட்டையே எடுங்கள்: இரண்டு முட்டை, ஹோம் ஃப்ரைஸ் என்ற உருளைக்கிழங்கு வதக்கல், டோஸ்ட். பெரும்பாலும் அதுதான் விலையும் குறைவு. ஒரு டைனர் நல்லதா இல்லையா என்று சோதித்துப் பார்க்கவும் அதுவே சரியான தட்டு.

முதல் கேள்வி முட்டை எப்படி வேண்டும் என்பது. "ஆம்லெட் அல்லது ஆஃப்பாயில்" என்று பழகிய நமக்கு இங்கேதான் திணறல். சன்னி சைட் அப் என்றால் ஒரு பக்கம் மட்டும் வெந்து, மேலே மஞ்சள் கரு அப்படியே நிற்கும், நம் ஆஃப்பாயில்தான். ஓவர் ஈஸி என்றால் ஒருமுறை திருப்பிப் போட்டு உடனே எடுத்துவிடுவார்கள், உள்ளே மஞ்சள் கரு ஓடும். ஓவர் மீடியம் என்றால் ஓரம் இறுகி நடுவில் மட்டும் இளக்கமாக இருக்கும். ஓவர் ஹார்ட் என்றால் முழுக்க வெந்தது. பச்சை முட்டை வாடை பிடிக்காதவர்கள் ஓவர் ஹார்ட் சொல்லிவிடுங்கள், ஒரு சங்கடமும் இருக்காது. முட்டைப் பொரியல் மாதிரி வேண்டுமென்றால் ஸ்க்ராம்பிள்ட், அதிலும் ஈரப்பசை இல்லாமல் வேண்டுமென்றால் "ஸ்க்ராம்பிள்ட், வெல் டன்". என்னைக் கேட்டால் ஓவர் மீடியம்தான். டோஸ்ட்டைத் தொட்டுக்கொள்ளக் கொஞ்சம் கரு மிஞ்சும், தட்டெல்லாம் ஓடாது.

அடுத்தது டோஸ்ட். வைட், வீட், ரை, இங்கிலிஷ் மஃபின் என்று சர்வர் ஒரே மூச்சில் சொல்லிவிடுவார். ரை என்ற தானியத்தில் செய்த ரொட்டியைக் கேட்டுப் பாருங்கள். கொஞ்சம் புளிப்பு, சில இடங்களில் கேரவே விதை போட்டிருக்கும். ஓமமும் சீரகமும் பழகிய நாக்குக்கு அது சட்டென்று பிடித்துவிடும். வெண்ணெய் தடவித்தான் கொடுப்பார்கள், வேண்டாமென்றால் "ட்ரை" என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

மற்ற ஊர்களில் உருளைக்கிழங்கைத் துருவிச் சுட்ட ஹாஷ் பிரவுன் அதிகம். இந்தப் பக்கத்தில் துண்டு துண்டாக நறுக்கி வதக்கிய ஹோம் ஃப்ரைஸ்தான் வழக்கம். அப்படியே கேட்டால் சில கடைகளில் மெத்தென்று சப்பென்று வரும். "ஹோம் ஃப்ரைஸ் வெல் டன், வித் ஆனியன்ஸ் அண்ட் பெப்பர்ஸ்" என்று சொல்லுங்கள். வெங்காயமும் குடைமிளகாயும் சேர்ந்து, ஓரமெல்லாம் சிவந்து மொறுமொறுவென்று வரும். மேலே டபாஸ்கோவோ வேறு ஹாட் சாஸோ ஊற்றிக்கொண்டால் காரமும் ஆயிற்று. கவுண்டரில் பாட்டில் இல்லையென்றால் கேளுங்கள், உள்ளே இருக்கும்.

நான்காவது கேள்வி மாமிசம்: பேக்கன், சாசேஜ், ஹாம். சாசேஜ் என்று மட்டும் போட்டிருந்தால் பன்றி என்றே வைத்துக்கொள்ளுங்கள். மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் கார்ன்ட் பீஃப் ஹாஷ் என்பதைக் கவனிக்க வேண்டும். உருளைக்கிழங்கோடு சேர்த்துக் கொத்தி வதக்கியிருப்பதால் பார்வைக்கு ஹோம் ஃப்ரைஸ் போலவே தெரியும். மாமிசமே வேண்டாமென்றால் "நோ மீட்" போதும், காரணம் சொல்ல வேண்டியதில்லை. அதற்குப் பதில் தக்காளித் துண்டோ பழமோ தருவார்களா என்று கேட்கலாம், பெரும்பாலும் தருவார்கள்.

ஆக, வாக்கியம் இவ்வளவுதான்: "டூ எக்ஸ், ஓவர் மீடியம், ஹோம் ஃப்ரைஸ் வெல் டன், ரை டோஸ்ட், நோ மீட்." இந்த வரிசையில் சொன்னால் சர்வர் ஒரே தடவையில் எழுதிக்கொண்டு போய்விடுவார். சீட்டில் எழுதுவதும் அடுப்படியில் கத்திச் சொல்வதும் பெரும்பாலும் இதே வரிசையில்தான்.

சைவக்காரர்கள் கேட்க வேண்டியவை

பழைய டைனரில் அகலமான ஒரே இரும்புத் தட்டுதான் அடுப்பு. நம் ஓட்டல் தோசைக்கல் மாதிரி, அதைவிடப் பெரிது. பேக்கன், முட்டை, பான்கேக் எல்லாம் அதே தட்டில்தான். பல சமையல்காரர்கள் பேக்கனில் உருகிய கொழுப்பிலேயே உருளைக்கிழங்கை வதக்குவார்கள், ருசிக்கு அதுதான் என்பது அவர்கள் எண்ணம். அதனால் "ஆர் த ஹோம் ஃப்ரைஸ் குக்ட் இன் பேக்கன் ஃபேட்?" என்று நேராகக் கேளுங்கள். ஆம் என்றால் தனிச் சட்டியில், எண்ணெயில் செய்து தர முடியுமா என்று கேளுங்கள். கூட்டமில்லாத நேரத்தில் செய்து தருவார்கள். வேலைநாளில் போகச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

பேக்ட் பீன்ஸ், அதாவது காய்ந்த பீன்ஸ் பயறு, பார்க்கச் சைவமாக இருக்கும், ஆனால் நியூ இங்கிலாந்து முறையில் உப்புக்கண்டமிட்ட பன்றிக் கொழுப்புத் துண்டு போட்டுத்தான் மணிக்கணக்கில் வேகவைப்பார்கள். கிளாம் சௌடர் என்ற கெட்டியான சிப்பி சூப்பிலும் பெரும்பாலும் பன்றிக் கொழுப்பு இருக்கும்.

முட்டை சாப்பிடும் சைவக்காரர்களுக்குக் கவலையே இல்லை. டைனர் நடத்துகிறவர்களில் கிரேக்கக் குடும்பங்கள் நிறைய. அந்தக் கடைகளில் ஃபெட்டா சீஸும் கீரையும் வைத்த கிரீக் ஆம்லெட் தவறாமல் இருக்கும், நன்றாகவும் இருக்கும். மேய்ன் பக்கம் போனால் ப்ளூபெர்ரி பான்கேக். அங்கே விளையும் காட்டு ப்ளூபெர்ரி கடையில் வாங்கும் பெரிய பழத்தைப் போல இல்லை, குட்டியாக, புளிப்பும் மணமும் கூடுதலாக இருக்கும். "ஷார்ட் ஸ்டாக்" என்றால் பெரும்பாலும் இரண்டு பான்கேக், ஒருவருக்கு அது தாராளம். மேசைமேல் இருக்கும் சிரப் பெரும்பாலும் சோளப் பாகு. உண்மையான மேப்பிள் சிரப் தனியாகக் கேட்க வேண்டும், தனி விலையும் உண்டு. அந்தக் காசைக் கொடுத்துவிடுங்கள், வித்தியாசம் முதல் வாயிலேயே தெரியும்.

முட்டையும் சாப்பிடாதவர்கள் பான்கேக், கேக் போன்ற மஃபின் இரண்டையும் தவிர்க்க வேண்டும். ஓட்மீல், டோஸ்ட், பழம், கிரீம் சீஸ் தடவிய பேகல் இருக்கின்றன. ரோட் ஐலண்ட் பக்கம் போனால் ஜானிகேக் இருக்கிறதா என்று பாருங்கள். வெள்ளைச் சோள மாவில் கொதிநீரோ பாலோ ஊற்றி, உப்புப் போட்டுக் கரைத்துச் சுடும் அடை அது. பழைய முறையில் முட்டை கிடையாது, ஆனாலும் கடைக்குக் கடை மாறும் என்பதால் கேட்டுக்கொள்ளுங்கள். வெளியே மொறுமொறு, உள்ளே கூழ்ப்பதம். கொஞ்சம் வெண்ணெய், கொஞ்சம் மேப்பிள் சிரப். இந்தக் கடற்கரையில் எனக்கு மிகவும் பிடித்த காலைப் பலகாரம் இதுதான்.

கடல் பக்கத்து ஸ்பெஷல்கள்

மீன் சாப்பிடுகிறவர்கள் மெனு அட்டையை மூடிவிட்டுச் சுவரில் இருக்கும் கரும்பலகையைப் படிக்க வேண்டும். மீனை உருளைக்கிழங்கோடு பிசைந்து தட்டிச் சுட்ட ஃபிஷ் கேக், கூடவே பீன்ஸும் முட்டையும் என்பது இந்தக் கரையின் பழைய காலைச் சாப்பாடு. நம் ஊர் மீன் கட்லெட் பிடித்தவர்களுக்கு இது பிடிக்கும், மிளகாயும் இஞ்சியும் மட்டும் இருக்காது. நியூ பெட்ஃபோர்ட், ஃபால் ரிவர் பக்கம் போர்ச்சுகீசியக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றன. அங்கே பேக்கனுக்குப் பதில் லிங்குயிசா கேட்கலாம். பூண்டும் பாப்ரிகாவும் போட்ட சாசேஜ், பன்றி சாப்பிடுகிறவர்கள் தவறவிடக்கூடாது. ரோட் ஐலண்டில் குழந்தைகளுக்குக் காபி மில்க் வாங்கிக் கொடுக்கலாம், காபிச் சுவைப் பாகு கலந்த குளிர்ந்த பால். 1993-ல் அதை மாநிலத்தின் அதிகாரபூர்வ பானமாகவே அறிவித்துவிட்டார்கள்.

லாப்ஸ்டர் ஆம்லெட்டுக்கு விலை போடாமல் "மார்க்கெட் பிரைஸ்" என்று எழுதியிருந்தால், சொல்லும் முன் "ஹவ் மச் இஸ் இட் டுடே?" என்று கேளுங்கள். எல்லோரும் கேட்கிற கேள்விதான், கூச்சம் வேண்டாம்.

பேச்சும் மரியாதையும்

சர்வர் உங்களை "ஹன்" என்றோ "டியர்" என்றோ கூப்பிடலாம். வயதானவர் என்றால் நிச்சயம் கூப்பிடுவார். அன்பாகச் சொல்வதுதான், வேறு அர்த்தம் எடுத்துக்கொள்ள வேண்டாம். நாம் அவரைக் கூப்பிடக் கைதட்டவோ சொடுக்கவோ கூடாது. கண்ணைப் பார்த்துக் கையை லேசாக உயர்த்தினால் போதும். கேள்விகளை வேகமாகக் கேட்பதால் கோபமாக இருக்கிறார் என்று புதியவர்கள் நினைத்துவிடுகிறார்கள். புரியவில்லையென்றால் "திஸ் இஸ் மை ஃபர்ஸ்ட் டைம், வாட் டு யூ லைக்?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் முகம் மலர்ந்துவிடும், பக்கத்து ஸ்டூல்காரரும் தன் யோசனையைச் சொல்ல ஆரம்பிப்பார். வானிலை, பாஸ்டனின் பேஸ்பால் அணியான ரெட் சாக்ஸின் ஆட்டம் இரண்டும் எந்தக் கவுண்டரிலும் பேசலாம். சாப்பிடுகிறவர்களைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். அவர்கள் பல மணி நேரக் கடல்வேலைக்கு முன்போ பின்போ உட்கார்ந்திருப்பவர்கள்.

பணம் கொடுப்பது

பில்லைச் சர்வர் தட்டுக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்துவிட்டுப் போவார். பல டைனர்களில் அதை எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் இருக்கும் கல்லாவில் கொடுக்க வேண்டும். டிப்ஸை மட்டும் தட்டுக்கடியில் வையுங்கள். நண்பர்களோடு போய் அவரவர் காசை அவரவர் கொடுப்பதென்றால் ஆர்டர் சொல்லும்போதே "செபரேட் செக்ஸ்" என்று சொல்லிவிடுங்கள்.

டிப்ஸ் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம் என்று அழுத்திச் சொல்கிறேன். அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி டிப்ஸ் வாங்கும் ஊழியருக்கு முதலாளி கொடுக்க வேண்டிய குறைந்தபட்சக் கூலி மணிக்கு 2.13 டாலர்தான். மாநிலங்கள் கூட்டிக் கொடுக்கச் சொல்லலாம், ஆனாலும் பெரும்பாலான இடங்களில் சர்வரின் வீட்டுச் செலவு நாம் வைக்கும் பணத்தில்தான் ஓடுகிறது. வரிக்கு முந்தைய தொகையில் 18 முதல் 20 சதவீதம் வையுங்கள். மேய்னில் சமைத்த உணவுக்கு வரி 8 சதவீதம். சாப்பாடு 16 டாலர் என்றால் வரி 1.28, டிப்ஸ் 3.20, ஆக 20.48 டாலர். வெறும் காபி மட்டும் குடித்து, மூன்று முறை நிரப்பிக்கொண்டு எழுந்தால்கூட இரண்டு டாலராவது வைத்துவிட்டு வாருங்கள்.

மிச்சத்தை வீணாக்க வேண்டாம், "குட் ஐ கெட் எ பாக்ஸ்?" என்றால் அட்டைப் பெட்டி வரும். வாசலில் ஆட்கள் காத்திருந்தால் சாப்பிட்டு முடித்ததும் எழுந்துவிடுங்கள். கூட்டமில்லாத செவ்வாய்க்கிழமை என்றால் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்காரலாம்.

வெளியே வந்த பிறகு

போர்ட்லண்டில் டைனருக்கு அடுத்த வாசலிலேயே மீன் படகுகள் கட்டியிருப்பது தற்செயல் இல்லை. 1987-ல் ஊர் மக்கள் ஓட்டுப் போட்டு, கடல் தொழிலுக்குச் சம்பந்தமில்லாத புதுக் கட்டடங்கள் துறையோரத்தில் எழும்பாதபடி 5 வருடத்துக்குத் தடுத்தார்கள். அதனால் துறைகள் இன்றும் வேலை நடக்கும் இடங்கள். ஃபோர்க்லிஃப்ட் பின்னால் வரும், தரையில் கயிறும் கூண்டும் கிடக்கும், ஈரப் பலகை வழுக்கும். "நோ டிரஸ்பாசிங்" பலகை இருந்தால் உள்ளே போகாதீர்கள், குழந்தைகளின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். அங்கே கடல் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் சுமார் 9 அடி வித்தியாசம். சாப்பிடப் போகும்போது கண் மட்டத்தில் நின்ற படகு, வற்றம் தொடங்கிய நேரமென்றால் திரும்பி வரும்போது கீழே இறங்கியிருக்கும். விளிம்பில் நின்று எட்டிப் பார்ப்பது ஆபத்து.

குளிர்காலத்தில் போக நினைப்பவர்கள் ஒரு போன் போட்டுவிட்டுக் கிளம்புங்கள். சுற்றுலாவை நம்பியிருக்கும் சின்னக் கடலோர ஊர்களில் அக்டோபர் பாதியோடு கடையை மூடி, மே மாதம்தான் திறப்பவர்களும் இருக்கிறார்கள். போர்ட்லண்ட், கிளாஸ்டர், நியூ பெட்ஃபோர்ட் மாதிரி வருடம் முழுக்க மீன்பிடிக்கும் துறைமுகங்களில் ஜனவரியிலும் டைனர் திறந்திருக்க வாய்ப்பு அதிகம், வரிசையும் இருக்காது.